பொதுநன்மையும் ஊரவர் உரிமையும்: மன்னார்க் காற்றாலைகளை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

பலருடைய நன்மைக்காகச் சிலர் சுமை தாங்கவேண்டி வரும்போது, அச்சுமையை அவர்கள்மீது ஏற்றும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினா அறவியலிற் பழமையானது. பெரிதின் பொருட்டுச் சிறிதை விடலாம் என்பது அரசருக்கு உரைக்கப்பட்ட நீதிகளுள் ஒன்று; மகாபாரதத்து விதுரன் வாயிலும் அது இடம்பெறுகிறது. அணைகளும் பெருந்தெருக்களும் துறைமுகங்களும் கட்டப்பட்ட காலமெல்லாம் இந்நீதியே வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ துணைக்கழைக்கப்பட்டது. இன்று அது புதியதொரு கோலத்தில் நம்முன் நிற்கிறது. காலநிலை மாற்றத்தின் கேடுகளைத் தணிப்பதற்கு நிலக்கரியையும் எண்ணெயையும் படிப்படியாகக் கைவிட்டுக் காற்றையும் சூரிய ஒளியையும் நாடவேண்டும் என்பது அறிவியல் கூறும் முடிபு. ஆனால் காற்றாலை என்பது உலகம் என்னும் பொதுவிடத்தில் நடப்படுவதன்று. ஏதோ ஓர் ஊரில்தான் நடப்படுகிறது. அவ்வூரவர் வேண்டாமென்றால் யாது செய்வது? உலகத்தின் நன்மை ஓர் ஊரின் மறுப்பை விஞ்சி நிற்குமா? இவ்வினாவை நமது நாட்டில் அண்மையில் நிகழ்ந்தவற்றை ஆதாரமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மன்னார்த்தீவு தட்டையான நிலம். கடல்மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரமே உடையது. கடற்றொழிலும் பனையும் அதன் மக்களுக்கு நெடுங்காலச் சீவனோபாயங்கள். சோளகம் வீசும் மாதங்களில் அங்கு காற்றின் வலு மிகுதி. இலங்கையில் மின்னுற்பத்திக்கு மிகவும் உகந்த காற்றுடைய பிரதேசங்களுள் ஒன்றாக அது கணிக்கப்பட்டமைக்கு இதுவே காரணம். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் இலங்கை மின்சார சபை தீவின் தென்கரையில் அமைத்த ‘தம்பபவனி’ காற்றாலைத் தொகுதி 2020 டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. அதில் 30 காற்றாலைகள் உள்ளன. அவற்றின் மொத்தக் கொள்ளளவு 103.5 மெகாவாற்று. அதன்பின்னர் இந்தியாவின் அதானி நிறுவனம் மன்னாரிலும் பூநகரியிலுமாக 484 மெகாவாற்றுக் காற்றாலைகளை அமைக்க முன்வந்தது. அலகொன்றுக்கு நிர்ணயிக்கப்பட்ட 8.26 அமெரிக்க சதம் மிகையானதென்ற விமர்சனமும், வலசைப் பறவைகளின் மத்திய ஆசிய வான்வழியில் இத்தீவு அமைந்திருப்பதைச் சுட்டிச் சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்குகளும் எழுந்தன. தீவுக்கு அண்மையிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010ஆம் ஆண்டிலிருந்து றாம்சார் உடன்படிக்கையின்கீழ் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாகக் கொள்ளப்படுவதென்பதையும் இங்கு நினைவுகூரலாம். விலை பற்றிப் புதிய அரசாங்கம் மீள்பேச்சு நடத்த முற்பட்ட நிலையில், 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது.

எனினும் பிரச்சினை அத்துடன் முடிந்துவிடவில்லை. வேறு காற்றாலைத் திட்டங்களுக்கான பாகங்கள் தீவுக்குக் கொண்டுவரப்பட்டபோது, 2025 ஓகஸ்ற் மாதத்தில் மன்னார் மக்கள் வீதியிலிறங்கினர். கனிய மணல் அகழ்வுக்கெதிரான குரலும் அப்போராட்டத்தில் இணைந்திருந்தது. காற்றாலைகளுக்கென அமைக்கப்பட்ட பாதைகளும் அத்திவாரங்களும் மழைநீர் வடிந்தோடும் வழிகளை அடைத்துவிட்டன. கரையோர மீன்பிடி குன்றிவிட்டது. குடிமனைகளுக்கு அருகிலே காற்றாலைகள் எழுகின்றன. எவற்றைப் பற்றியும் தங்களிடம் உரியமுறையிற் கேட்கப்படவில்லை என்பன அவர்களுடைய முறைப்பாடுகள். அரசாங்கம் வேலைகளை ஒரு மாதத்துக்கு நிறுத்திவைத்தது. செப்ரெம்பர் இறுதியில் அவை மீளத் தொடங்கப்பட்டபோது, இரவுவேளையில் மக்களுக்கும் பொலிசாருக்குமிடையே மோதல் மூண்டது. தூய்மையான சக்தி பொலிசாரின் காவலுடன் ஊருக்குள் வந்த அந்த இரவே இக்கட்டுரையின் வினாவை எழுப்பியது.

இதனை நல்லோருக்கும் தீயோருக்குமிடையிலான பிணக்காகக் காண்பது எளிது. ஆனால் அது பிழை. அரசின் பக்கத்திலும் வலுவான நியாயம் உண்டு. நுரைச்சோலையிலுள்ள 900 மெகாவாற்று நிலக்கரி மின்னிலையம் நாட்டின் மின்தேவையிற் பெரும்பங்கை நிறைவுசெய்து வந்துள்ளது. அதன் நிலக்கரித் தூசியையும் சாம்பலையும் பற்றி அயலூரவர் முறையிட்டதும் பலகாலச் செய்தியே. மன்னாரில் ஒரு காற்றாலை சுழலாதிருப்பின் எங்கோ ஓரிடத்தில் நிலக்கரியோ எண்ணெயோ எரியும். அந்நிலக்கரியை வாங்க அந்நியச் செலாவணி வேண்டும். அச்செலாவணி இல்லாதுபோனால் நேர்வது யாதென்பதை 2022ஆம் ஆண்டின் மின்வெட்டுகளும் எரிபொருள் வரிசைகளும் எமக்குக் காட்டின. 2030ஆம் ஆண்டளவில் மின்னுற்பத்தியின் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து பெறுவதென இலங்கை 2021இல் உலகுக்கு வாக்களித்துள்ளது. அன்றியும், கடல்மட்டம் உயருமாயின் முதலிற் பாதிக்கப்படும் நிலங்களுள் மன்னாரும் ஒன்று. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி இந்நாட்டில் நூற்றுக்கணக்கான உயிர்களைப் பறித்தபின்னர், காலநிலை பற்றிய பேச்சு மேலைநாட்டார் கவலை மட்டுமே என்று ஒதுக்குவார் எவருமிலர். எனவே, இரண்டு நன்மைகள் இங்கு ஒன்றையொன்று எதிர்கொள்கின்றன. அதனாலேயே இது உண்மையான அறச்சிக்கலாகிறது.

இச்சிக்கலுக்குப் பயன்வழிக் கொள்கையினர் தரும் விடை தெளிவானது. பெந்தாமும் மில்லும் வகுத்த வழியில், எச்செயல் மிகப் பலருக்கு மிகுந்த நன்மையைத் தருமோ அதுவே சரியான செயல். இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களின் மின்னொளியையும் பிறக்கவிருக்கும் தலைமுறைகளின் நல்வாழ்வையும் ஒரு தட்டிலும், சில கிராமங்களின் இடர்ப்பாட்டை மறுதட்டிலும் வைத்தால் எது தாழும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இக்கணக்கு கூட்டுத்தொகையை மட்டுமே நோக்குகிறது. அத்தொகை எவரிடமிருந்து பெறப்பட்டு எவருக்குப் பகிரப்பட்டது என்பதை நோக்குவதில்லை. இக்குறைபாட்டை அறிய நாம் நூல்களைத் தேடவேண்டியதில்லை. நமது மலையகத்தை நோக்கினாலே போதும். மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. நீர் வற்றும் காலங்களில் அங்கிருந்த கோயிலின் கட்டடம் இன்றும் வெளியே தெரிகிறது. அந்த நீர் சுழலிகளை இயக்கிக் கொழும்புக்கு ஒளி தந்தது. ஆனால் அம்மலைகளின் தோட்ட லயன்களிற் பல, அதன்பின்னரும் பல தசாப்தங்கள் மண்ணெண்ணெய் விளக்குடனேயே இருந்தன. மகாவலித் திட்டத்தின்போது விக்ரோறியா அணைக்காகப் பழைய தெல்தெனியா நகரமும் மூழ்கியது. நீர்மின்சாரமும் புதுப்பிக்கத்தக்க சக்தியே. புகை கக்காத சக்தியே. ஆயின், சக்தி தூய்மையானது என்பதனால் மட்டும் அது பகிரப்பட்ட முறையும் தூய்மையானதாகிவிடவில்லை.

சம்பூர் இதற்கு இன்னொரு சான்று. 2006இல் யுத்தத்தினால் அவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்கள் திரும்பி வருமுன்னரே அங்கு நிலக்கரி மின்னிலையம் அமைக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. நீண்ட எதிர்ப்பின்பின் 2016இல் அது கைவிடப்பட்டது. இப்பொழுது அச்சம்பூரிலே இந்திய–இலங்கைக் கூட்டு முயற்சியாகச் சூரியமின் நிலையம் அமைகிறது. நிலக்கரிக்குப் பதிலாகச் சூரிய ஒளி வந்தமை பெரியதொரு முன்னேற்றமே. எனினும், தன் நிலத்தில் எது அமையவேண்டும் என்று தீர்மானிப்பதில் ஊரவனுக்குள்ள இடம் அதே அளவுக்கு முன்னேறியதா என்று கேட்கவேண்டியுள்ளது. எரிபொருள் மாறுவதும் உறவு மாறுவதும் ஒன்றல்ல.

பயன்வழிக் கணக்குக்கு எதிர்நிலையிலே நிற்போர் உரிமையை அடிப்படையாகக் கொள்வர். மனிதனை வெறுங் கருவியாக நடத்தலாகாது என்றார் கான்ற். 1971இல் வெளிவந்த ‘நீதிக் கோட்பாடு’ என்னும் நூலில் யோன் றோல்ஸ், சமூகம் முழுவதினதும் நலத்தின் பெயராற்கூட மீறமுடியாத ஒரு தகைமை ஒவ்வொருவருக்கும் உண்டென நிறுவ முயன்றார். இந்நோக்கில் மன்னார் மக்களின் மறுப்பே இறுதி விடையாகிவிடும். ஆயினும் இவ்விடையிலும் ஒரு குறை உண்டு. ஊர்தோறும் தடுக்கும் அதிகாரம் வழங்கப்படின், குரல் வலுத்த ஊர்கள் மறுத்துவிடும்; குரல் மெலிந்த ஊர்களுக்கே சுமை போய்ச் சேரும். ஏற்கெனவே சுமை தாங்கும் நுரைச்சோலை தொடர்ந்தும் தாங்கும். இன்னும் பிறவாதோர் ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசமாட்டார். இவர்களுக்காகவே ஹான்ஸ் யோனாஸ், மனிதனின் தொழில்நுட்ப ஆற்றல் எட்டும் தூரம்வரை அவனது பொறுப்பும் எட்டவேண்டும் என 1979இல் வாதிட்டார். ஆகவே ஊரின் மறுப்பு மிகுந்த கனமுடையதாயினும், அது காரணம் கூறவேண்டாத கட்டளையாக இருக்கமுடியாது.

இவ்விரு நிலைகளுக்குமிடையே வழி காண்பதற்கு நமது இலக்கணத்திலுள்ள ஒரு வேறுபாடு உதவும் என்று கருதுகிறேன். தன்வினை, பிறவினை என்பது அது. தியாகம் தன்வினை, பலி பிறவினை. ஒருவன் தானே முன்வந்து தனக்குரியதைப் பிறர்பொருட்டு விடுவது தியாகம். ஒருவனிடமிருந்து பிறர் எடுத்துக்கொண்டு, அவன் விட்டான் என்று கூறுவது பலி. இழக்கப்படும் பொருள் இரண்டிலும் ஒன்றாயிருக்கலாம். நிலமாயிருக்கலாம், கரைவலைப் பாடாயிருக்கலாம். ஆனால் அறத்தின் கண்ணில் அவை முற்றிலும் வேறானவை. பிறர் சார்பில் எவரும் தியாகம் செய்தல் இயலாது. ‘நாட்டுக்காக மன்னார் தியாகம் செய்யவேண்டும்’ என்று கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ பேராதனையிலிருந்தோ ஒருவர் கூறுவாராயின், அவர் தம்முடையதல்லாத ஒன்றைத் தானமளிக்கிறார். பொதுநன்மைக்குச் சுமை தேவைப்படும் என்பதை ஏற்றுக்கொண்டும், அச்சுமை பலியாகாது தியாகமாக அமைவதற்குரிய நிலைமைகள் எவை என்று கேட்பதே நாம் கேட்கவேண்டிய வினா.

மூன்று நிலைமைகளை ஈண்டுக் குறிப்பிடலாம். முதலாவது, கேட்கப்படுதல். கேட்டல் என்பது தீர்மானித்தபின் அறிவித்தலன்று. மக்களின் விடையால் திட்டத்தின் இடமோ அளவோ வடிவமோ மாறக்கூடியதாக இருந்தாலன்றி அது கேட்டலாகாது. நோர்வேயின் போசன் தீபகற்பத்தில் 151 காற்றாலைகள் எழுந்தபின்னர், 2021 ஒக்ரோபரில் அந்நாட்டு உயர் நீதிமன்றம், அவற்றின் அனுமதிப்பத்திரங்கள் செல்லுபடியற்றவை எனத் தீர்ப்பளித்தது. கலைமான் மேய்க்கும் சாமி மக்களின் பண்பாட்டுரிமையை அவை மீறின என்பதே காரணம். தீர்ப்பின் பின்னரும் காற்றாலைகள் சுழன்றுகொண்டேயிருந்தன. 2023இல் சாமி இளைஞர் அமைச்சின் வாயிலை மறித்தமர்ந்தனர். 2023 டிசெம்பரிலும் 2024 மார்ச்சிலுமே இணக்கங்கள் எட்டப்பட்டன. காலநிலைக் கொள்கையில் முன்மாதிரி எனப்படும் செல்வந்த நாடொன்றிலேயே இது நிகழ்ந்தது. காலம் கடந்து கேட்பதில், கேட்கப்படுபவருக்கு இழப்பைப் பேரம் பேசுவதற்கன்றி வேறெதற்கும் இடமிருப்பதில்லை என்பதை இது உணர்த்துகிறது.

இரண்டாவது, பயனிற் பங்கு. டென்மார்க்கின் சாம்ஸோத் தீவு 1997இல் தன் சக்தித்தேவையைப் புதுப்பிக்கத்தக்க வளங்களாலேயே நிறைவுசெய்யும் முயற்சியை மேற்கொண்டது. அங்குள்ள காற்றாலைகளின் உடைமையாளருள் விவசாயிகளும் கூட்டுறவாளரும் உள்ளூராட்சி மன்றமும் அடங்குவர். கொபன்ஹேகன் துறைமுகத்துக்கப்பாலுள்ள மிடில்குறுண்டன் தொகுதியின் 20 காற்றாலைகளிற் பாதி, ஆயிரக்கணக்கான குடிமக்கள் சேர்ந்த கூட்டுறவுக்குரியது. புதிதாக அமையும் காற்றாலையின் உடைமையில் 20 சதவீதத்தை 4.5 கிலோமீற்றர் தூரத்துள் வாழ்வோருக்கு முதலில் விற்க முன்வரவேண்டும் என 2008இல் அந்நாடு சட்டமியற்றியது. பின்னர் அதற்குப் பதிலாக வேறு ஏற்பாடுகள் வந்தன. இவ்விதியின் பின்னுள்ள எண்ணம் எளியது. காற்றாலையின் இரைச்சலைக் கேட்பவனுக்கு அதன் வருவாயும் கேட்கவேண்டும். ஒரேயொரு வேறுபாட்டை மறத்தலாகாது: பங்கு வாங்குவதற்கு டெனிசு விவசாயியிடம் சேமிப்பு இருந்தது. மன்னார்க் கடற்றொழிலாளியிடம் அது இல்லை. ஆகவே இங்கு பங்கு விற்கப்படாது, நிலத்தின் பொருட்டும் கடலின் பொருட்டும் உரிமையாகவே வழங்கப்படவேண்டியிருக்கும். உதவித்தொகை, விளையாட்டு மைதானம், பாடசாலைக் கட்டடம் ஆகியன இதற்கு ஈடாகா. கொடை பெறுவோன் நன்றி கூறவேண்டியவன். பங்காளி கணக்குக் கேட்கக்கூடியவன்.

மூன்றாவது, தொடரும் பொறுப்பு. ஒப்பமிட்ட நாளோடு உறவு முடிந்துவிடலாகாது. வடிகால் அடைபட்டால் அதனைத் திறப்பவர் யார், மீன்பாடு குறைந்ததா என அளப்பவர் யார், இருபது ஆண்டுகளின்பின் துருப்பிடித்த கோபுரத்தை அகற்றுபவர் யார் என்பன முன்கூட்டியே எழுதப்படவேண்டும். அளப்போர் திட்டத்தின் ஊதியம் பெறுவோராக இருத்தலும் தகாது.

இவையெல்லாம் செல்வந்த நாடுகளுக்கே ஏற்றவை என்று கூறுவோர், நமது நாட்டிலேயே நிகழ்ந்த ஒன்றை நோக்கவேண்டும். 1990கள் தொடக்கம் சப்பிரகமுவ முதலான மலைப்பாங்கான பிரதேசங்களில், தேசிய மின்வலையமைப்பு எட்டாத கிராமங்கள் நூறுக்கு மேற்பட்டவை தத்தம் ஓடைகளிற் சிறுநீர்மின் நிலையங்களை அமைத்தன. அரச சார்பற்ற நிறுவனங்களும் பின்னர் உலக வங்கியின் கடனுதவித் திட்டங்களும் துணைநின்றன. வாய்க்கால் வெட்டியதும் கம்பம் நட்டதும் கிராமத்தவர் சிரமதானமே. மின்பாவனையாளர் சங்கம் ஒன்று கூடி மாதச்சந்தாவையும் ஒவ்வொரு வீட்டுக்குமுரிய மின்னளவையும் நிர்ணயித்தது. பொதுச்சொத்து எவருக்கும் உரியதாகாமையால் அழிந்தே தீரும் என்று 1968இல் காரற் ஹார்டின் எழுதியதை மறுத்து, பயன்படுத்துவோரே விதிவகுத்துக் காக்க வல்லவர் என்று 1990இல் எலினோர் ஒஸ்ற்றம் எடுத்துக்காட்டினார். அவருக்குப் பொருளியலுக்கான நோபெல் பரிசு 2009இற் கிடைத்தது. நமது கிராமத்துச் சங்கங்கள் அந்நூலைப் படித்து அதனைச் செய்யவில்லை. நீர்ப்பாய்ச்சலுக்கு முறைவைத்த பழக்கத்திலிருந்தே செய்தன. அதேவேளை இவற்றை மிகைப்படுத்தவும் வேண்டியதில்லை. தேசிய மின்கம்பி ஊருக்கு வந்தபோது அத்தகைய சங்கங்கள் பல கலைந்தன. ஓரிரு மின்குமிழும் தொலைக்காட்சியும் போதாத குடும்பங்கள் அதை நாடியது இயல்பே. நகரங்களுக்கும் ஆலைகளுக்கும் வேண்டிய மின்வலுவை ஓடைகள் தரமாட்டா. கிராமச் சங்கங்கள் கற்பிப்பது, தம் கையில் விதியுள்ள மக்கள் சுமையையும் ஏற்கின்றனர் என்பதையே.

இங்கு ஓர் எதிர்வாதம் எழும். காலநிலை காத்திருக்காது, ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருந்தால் உலகம் வெந்துபோகும் என்பர். இவ்வாதத்தை இலேசாகத் தள்ளிவிடலாகாது. தாமதத்தின் விலையும் வறியோராலேயே செலுத்தப்படுகிறது. ஆனால் விரைவு எதனாற் கெட்டதென்று நோக்கின், கேட்டமையாற் கெட்டதாகத் தெரியவில்லை. போசனில் வழக்கும் இணக்கமும் முடிய ஆண்டுகள் பல சென்றன. மன்னாரில் 484 மெகாவாற்றுத் திட்டத்தின் ஒரு காற்றாலையேனும் எழவில்லை. அதன் பின்னர் வந்தவை மறியலிற் சிக்கின. கேளாமையே தாமதத்தின் பெருங்காரணமாயிற்று. நம்பிக்கையைக் கட்டியெழுப்பச் செலவிடும் காலம் வீண்காலமன்று.

இறுதியாக, நாம் நம்மையே நோக்கிக் கேட்கவேண்டியதொன்று உண்டு. இலங்கையர் ஒருவர் ஆண்டொன்றுக்கு வெளியேற்றும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ ஒரு தொன். அமெரிக்கர் ஒருவர் வெளியேற்றுவது அதைப்போற் பன்மடங்கு. ஆகவேதான் 1992இல் றியோவிற் செய்யப்பட்ட காலநிலை உடன்படிக்கை, பொதுவானதாயினும் வேறுபட்ட பொறுப்புகள் என்ற கோட்பாட்டை ஏற்றது. உயிர்வாழ்வதற்கான வெளியேற்றத்தையும் ஆடம்பரத்துக்கான வெளியேற்றத்தையும் ஒன்றாக எண்ணலாகாது என்று 1993இல் ஹென்றி சூ என்னும் மெய்யியலாளர் எழுதினார். கேட்டினைப் பெரிதும் விளைத்தவர் பெரிதும் சுமக்கட்டும். எமது குரலின்றி எமது விதியைத் தீர்மானிக்கவேண்டாம் என்று உலக அரங்கில் நமது நாடு வாதிடுகிறது. இவ்வாதம் நீதியானது. ஆனால் அதே வாதத்தையே மன்னார் இலங்கையிடம் முன்வைக்கிறது. குளிரூட்டிய அறைகள் நிறைந்த நகரத்தின் தேவைக்காக, குறைந்த மின்சாரம் பாவிக்கும் கடற்கரைக் குடிகளிடம் நாம் கேட்காமலே எடுப்போமாயின், உலகை நோக்கி நாம் நீட்டிய விரல் நம்மையே சுட்டும். ஒரு கோட்பாட்டை வெளியிற் பேசி வீட்டிற் கைவிடுபவரின் சொல்லுக்கு எச்சபையிலும் மதிப்பிராது.

ஊரவர்க்கும் இதனால் ஒரு கடமை பிறக்கிறது. கேட்கப்பட்டவர் விடைகூறக் கடமைப்பட்டவர். வேண்டாம் என்பதோடு நில்லாது, எங்கே, எவ்வளவு, எந்நிபந்தனையில் வேண்டும் என்று கூறுவதும், தம் பிள்ளைகளின் காலத்துக் கடலை எண்ணிப் பேசுவதும் அவர்களது பங்கு. இதற்கு வேண்டிய அறிவைத் தேடித்தருவதிற் பல்கலைக்கழகங்களுக்கும் பங்குண்டு. நீர் வடிந்தோடும் வழியை வரையவும், மீன்பாட்டை ஆண்டுதோறும் அளக்கவும், உடன்படிக்கையின் வாசகத்தை மக்கள் மொழியில் விளக்கவும் புவியியல், விலங்கியல், சட்ட மாணவர் எம்மிடையே உளர். திருக்குறளில் ஒப்புரவறிதல் என ஓர் அதிகாரமே உண்டு. அங்கு பேசப்படும் ஈகை, கொடுப்போன் தானே உவந்து கொடுப்பது. ஊர் அத்தகைய கொடையாளியாக நிற்க இயலும். ஆனால் அதற்கு முன், கொடுப்பதா இல்லையா என்று சொல்லும் நிலை அதற்கு இருக்கவேண்டும். அந்நிலையை ஆக்கிக்கொடுத்தல் சக்திக் கொள்கையின் முதற்பணியாக அமையுமாயின், மன்னாரின் காற்று நாட்டுக்கு ஒளி தருவதில் மன்னாருக்கும் மகிழ்ச்சி இருக்கும்.